பாலக்குறிச்சிக்கு மீண்டும் போக வேண்டும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், காவிரிக் கடைமடையில் இருக்கிறது பாலக்குறிச்சி. நெல்லை நம்பிய ஊர். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு வாய்க்காத ஒன்று இந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பு இங்கே யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது, யார் யாரிடம் கடன்பட்டிருந்தார்கள், பண்ணையாளுக்குக் கூலி எவ்வளவு, எந்தத் தெருவில் எந்தச் சாதியார் வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. அந்த விவரங்கள் 1918இல் புத்தகமாக வந்தன. 1930களின் பிற்பகுதியில் அதே ஊரை மறுபடி போய்ப் பார்த்து எழுதினார்கள். 1980களின் தொடக்கத்தில் இன்னொரு முறை. 2004இல் ஒரு முறை. 2019இல் மேலும் ஒரு முறை.

இடைப்பட்ட காலத்தில் அந்த மண்ணில் நடந்தவை கொஞ்சமல்ல. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் அதே வட்டாரத்தைச் சேர்ந்த கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல், குடியிருந்த மனையை அவரவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது, நேரடி நெல் விதைப்பு பரவியது, நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்களின் வேலை நாள்கள் குறைந்தன. இவற்றில் எது ஊரை உண்மையாக மாற்றியது, எது அரசிதழோடு நின்றுபோனது? மேடையில் யாரும் எதையும் சொல்லலாம். ஆனால் ஒரே ஊரின் ஐந்து காலத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் நம்பத்தகுந்த பதில் கிடைக்கும்.

அந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை. பொது விவகாரங்களைப் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத் துறை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த பதில்களில் ஒன்று அந்த வேலை. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் அதை மறுபடி கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளியலுக்கு ஒரு பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்தது. அவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொதுநிலங்களை வேலி போட்டு வளைத்ததால் குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று 1907இலேயே புத்தகம் எழுதியவர். உழுகிறவன் கையிலிருந்து நிலம் போனால் ஊர் என்ன ஆகும் என்பதை அறிந்த மனிதர் அவர். சென்னைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, அங்கே இவற்றையெல்லாம் கேட்டு எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த ஆந்திர, மலபார் ஊர்களுக்கும் மாணவர்கள் போனார்கள். இன்றைய தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள தூசி, விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், கடைமடைப் பாலக்குறிச்சி ஆகியவை அந்த வரிசையில் புகழ்பெற்றவை. ஆராய்ச்சி உலகில் இவற்றை இன்றும் ஸ்லேட்டர் கிராமங்கள் என்றே சொல்கிறார்கள்.

ஸ்லேட்டர் செய்த இன்னொரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஊர்களின் உண்மைப் பெயரையே அச்சிட்டார். பின்னாளில் தஞ்சைப் பகுதியில் ஆய்வு செய்த பெரிய மானுடவியலாளர்கள் புனைபெயர் வைத்தார்கள். கேத்லீன் கௌவுக்கு அது கும்பபேட்டை. ஆந்த்ரே பெத்தேலுக்கு ஸ்ரீபுரம். அதற்கு அவர்களுக்குத் தக்க காரணம் இருந்தது. ஆனால் உண்மைப் பெயர் போட்டதால்தான் எந்தத் தலைமுறை மாணவரும் பேருந்து ஏறி இருவேல்பட்டுக்குப் போய், முன்பு சொன்னது இன்றும் சரிதானா என்று கேட்க முடிகிறது. பிறர் சரிபார்க்க முடியாத ஆய்வைவிட, பிறர் தொடர முடிகிற ஆய்வுக்கு ஆயுள் அதிகம்.

தொடரவும் செய்தார்கள். துறையின் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் 1936-37இல் அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பி மறு ஆய்வு நடத்தினார்கள். 1940இல் பல்கலைக்கழகமே அதை வெளியிட்டது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1929க்குப் பிறகு உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, வாங்கிய கடனின் பாரம் ஏறி, மலேயா தோட்டங்களிலிருந்து ஆட்கள் கூட்டம்கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்ட காலம். உலகச் சந்தையின் அடி ஒரு தமிழ்க் கிராமத்துக் களத்துமேட்டில் எப்படி விழுகிறது என்பதைப் பார்க்க அதைவிடத் தக்க தருணம் இல்லை. அதைத் தவறவிடாமல் பிடித்தது ஒரு பல்கலைக்கழகத் துறை. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வந்து மீண்டும் பார்த்தார்.

அடுத்த பெரிய கட்டம் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துடையது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேசையா, ஓய்வுக்குப் பின் சென்னை திரும்பி, 1971இல் அடையாறு காந்தி நகரில் தம் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து அதைத் தொடங்கினார். பிறகு அவரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் எஸ். குகனைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி; தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலராக இருந்தவர். வரவுசெலவுத் திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர், அதிகாரத்தின் மேசையை விட்டு எழுந்ததும் போன இடங்களில் ஒன்று இருவேல்பட்டு. அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து அந்த ஊரைப் பற்றி 1983இல் எழுதினார். பாலக்குறிச்சிக்கும் தூசிக்கும் மறு ஆய்வு அறிக்கைகள் தந்தார். கங்கைகொண்டானையும் வடமலாபுரத்தையும் வெங்கடேஷ் ஆத்ரேயா ஆராய்ந்தார்.

குகனின் பிற்கால எழுத்தில் பெரும் பங்கு, அமைப்புசாராத ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பு பற்றியது. முதியவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் அரசு ஒரு சிறு தொகையாவது உறுதியாகத் தர வேண்டும், நாட்டால் அதைத் தாங்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். 1995இல் நடுவண் அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கான வாதங்களைப் பல ஆண்டு முன்வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஓர் ஊரின் கூலிக்கார வீடுகளில் வயதானவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்ட அனுபவமும், கருவூலத்தின் கணக்கும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததன் பயன் அது. 1998இல் அவர் மறைந்தார். இன்று எந்தப் பொதுக் கொள்கைப் பட்டப்படிப்பிலாவது மாணவர்களுக்கு ஒரு முன்மாதிரியைக் காட்ட வேண்டுமென்றால், வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுவதற்கு முன் குகனைக் காட்டலாம்.

2008இல் ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி இருவேல்பட்டுக்குப் போனார்கள். அவர்கள் எழுதியதைத் தமிழ்நாட்டு அரசியலில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1916இல் அந்த ஊர் ஒருசில பெரும் நிலக்கிழார்களின் பிடியில் இருந்தது. படியாள் என்ற பெயரில் ஆண்டு முழுவதும் ஒரே வீட்டுக்கு உழைத்துக் கடனில் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் இருந்தன. 2008இல் படியாள் முறை இல்லை. நிலக்கிழாரின் ஆதிக்கம் தேய்ந்துவிட்டது. ஊரின் வருமானத்தில் விவசாயத்துக்கு வெளியே கிடைப்பது பெரிதாகிவிட்டது. தலித் மக்கள் அரசியலில் தங்கள் குரலை நிலைநாட்டியிருக்கிறார்கள். ஆனால் நிலம் அவர்கள் கைக்குப் பெரிதாக வரவில்லை. ஊருக்கும் காலனிக்கும் இடையிலான கோடும் அழியவில்லை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ரேஷன் அரிசி பற்றிய கண்டறிதல். மலிவு விலை அரிசியும் இலவச அரிசியும் மக்களைச் சோம்பேறிகளாக்குகின்றன என்று நகரத்து வரவேற்பறைகளில் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலும் கூடவே வரும். ஊருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. வீட்டில் அரிசி இருக்கிறது என்ற உறுதி, கூலிக்காரர் நிலக்காரரின் வாசலில் முன்பணத்துக்காக நிற்க வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்துகிறது. இந்தக் கூலிக்கு வர மாட்டேன் என்று சொல்லும் துணிவு அதிலிருந்து பிறக்கிறது. சோம்பல் என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது, கீழே நிற்பவருக்குப் பேரம் பேசும் வலிமை. இந்த வேறுபாட்டை எந்த மாநில அளவுச் சராசரியும் காட்டாது. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஜெயரஞ்சன் 2021இல் மாநிலத்தின் திட்டக் குழுவுக்குத் துணைத் தலைவரானார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஊரில் கற்றது கோட்டை வரை வர முடியும்.

இப்படி ஒரு மரபு இருக்கும் மாநிலத்தில் இன்றைய நிலை என்ன? பொதுக் கொள்கை, பொது நிர்வாகம், பொது விவகாரம் என்ற பெயர்களில் பட்டங்கள் பெருகியிருக்கின்றன. துறைகளின் செய்தி என்று வெளியே வருவது பன்னாட்டுக் கருத்தரங்கு, நினைவுச் சொற்பொழிவு, புரிந்துணர்வு ஒப்பந்தம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. இவை கூடாது என்பதில்லை. ஆனால் ஆண்டு முழுவதற்கும் இவைதான் துறையின் கணக்கு என்றால் எங்கோ வழி தவறியிருக்கிறது. முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வேடு என்று செய்வது பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு வினாப்படிவத்தைச் சுற்றுக்கு விட்டு, நூறு பேர் பதில் போட்டதும் சதவீதம் எடுத்து எழுதுவதாக ஆகிவிட்டது. கைப்பேசியில் வரும் படிவத்துக்குப் பதில் எழுதுகிறவர்கள் யார்? அந்த மாணவரின் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். நாற்றங்காலில் நிற்கும் அம்மா அதில் இல்லை. செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போய்விட்ட குடும்பம் அதில் இல்லை.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியருக்குப் பதவி உயர்வு எதனால் கிடைக்கிறதோ அதைத்தான் அவர் செய்வார், மாணவருக்கும் சொல்லித்தருவார். ஓர் ஊரில் ஓராண்டு தங்கி எழுதும் அறிக்கைக்கும், ஏற்கெனவே இருக்கும் புள்ளிவிவரத்தைக் கணினியில் இட்டு ஒரு வாரத்தில் எழுதும் கட்டுரைக்கும் ஒரே மதிப்பெண் என்றால் ஊருக்கு யார் போவார்கள்? 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில் ‘வெளித்தொடர்பும் உள்ளடக்குதலும்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. பெயரைக் கேட்டால் மக்களிடம் போவதைத்தான் அளக்கிறார்கள் என்று தோன்றும். அதில் அளக்கப்படுவது வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு உதவி உண்டா, மாற்றுத் திறனாளிகளுக்கு வசதி உண்டா என்பவை. எல்லாம் தேவையானவைதாம். ஆனால் தன்னைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்க அங்கே ஒரு கட்டம்கூட இல்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களின் நிலை நாடறிந்தது. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படுவதில்லை. 170 ஆண்டை நெருங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு அந்த நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. நியமன அதிகாரம் ஆளுநருக்கா அரசுக்கா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆள் இல்லாத துறையிடம் கள ஆய்வு கேட்பது நியாயமா என்று ஒருவர் என்னிடம் கேட்டால், அந்த ஆட்களைக் கொடு என்று கேட்பதும் இந்தக் கோரிக்கையின் ஒரு பகுதி என்றுதான் சொல்வேன்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டு இடைவெளி. 2017-18இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை நடுவண் அரசு வெளியிடவே இல்லை. தரத்தில் குறை என்று சொல்லிக் கைவிட்டது. அரசு எண்ணாத காலத்தில், எண்ணியும் வெளியிடாத காலத்தில், மக்களின் நிலையை வேறு யார் எழுதிவைத்தார்கள்? கொரோனா ஊரடங்கில் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் எத்தனை மாதம் எதைச் சாப்பிட்டார்கள், எந்த நகையை அடகு வைத்தார்கள், அது மீண்டதா? 1936-37இல் தாமஸும் இராமகிருஷ்ணனும் பெருமந்தத்துக்குப் பிறகு கேட்டது போல, 2021இலும் 2022இலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்க மறந்த ஆண்டுகள் திரும்பி வராது.

இன்று கேட்க வேண்டியவையும் வரிசையில் நிற்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. இவற்றைப் புகழ்பவர்களும் உண்டு, பழிப்பவர்களும் உண்டு. வடமலாபுரத்தில் ஒரு வீட்டுக்குள் அந்த ஆயிரம் ரூபாய் என்ன செய்தது? சுயஉதவிக் குழுத் தவணைக்குப் போனதா, பெண்ணின் கல்லூரிச் செலவுக்கா, அல்லது நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரரிடமா? கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பூங்கா விரிந்திருக்கிறது. சூரிய மின்கலத் தொழிற்சாலை வந்திருக்கிறது. நிலத்தை விற்றவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? ஆலைக்குள் அந்த ஊர்ப் பெண்கள் எத்தனை பேர், நிரந்தரத் தொழிலாளராக எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர்? அந்த ஊருக்கு 1916 கணக்கு இருக்கிறது. ஆத்ரேயாவின் கணக்கும் இருக்கிறது. அடுத்த பக்கத்தை எழுத ஆள்தான் வேண்டும்.

ஓர் ஊரை வைத்து மாநிலத்தைச் சொல்ல முடியுமா என்பது பழைய ஆட்சேபம். முடியாது. மாநிலத்தின் சராசரியைச் சொல்ல மாதிரிக் கணக்கெடுப்பு வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, யாரால் தடைபடுகிறது என்பதை ஊர்தான் சொல்லும். உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூர் என்ற ஒரே சிற்றூரை 1957-58இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளாதார ஆய்வு மையம் ஆராய்ந்தது. பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை யாரேனும் அங்கே போய்க்கொண்டே இருந்தார்கள். நிக்கோலஸ் ஸ்டெர்ன், ஜான் டிரீஸ், ஹிமான்ஷு என்று ஆய்வாளர்களின் தலைமுறைகள் மாறின. அந்த ஒரு ஊரிலிருந்து வந்த நூல்கள் இன்று உலகெங்கும் வளர்ச்சிப் பொருளியல் வகுப்புகளில் படிக்கப்படுகின்றன. பாலன்பூரைவிட நாற்பது ஆண்டு மூத்த பதிவு நம்மிடம் இருக்கிறது. ஐந்து ஊர்களுக்கு இருக்கிறது.

ஸ்லேட்டர் காலத்தில் இல்லாத ஒரு பெரும் பலமும் இன்று நமக்கு இருக்கிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர்கள் யார்? பெரும்பாலும் உயர்சாதி, நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஊருக்குப் போய்ப் படியாள்களைப் பற்றி எழுதினார்கள். முடிந்தவரை நேர்மையாகவே எழுதினார்கள். ஆனாலும் அக்கிரகாரத்திலிருந்தோ பெரிய வீட்டுத் திண்ணையிலிருந்தோ பார்த்தால் சேரியில் எவ்வளவு தெரியும்? தன் முதலாளியின் மகன் கேட்கும்போது ஒரு படியாள் தன் கடனைப் பற்றி எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? இன்று திருவாரூரிலோ விழுப்புரத்திலோ அரசுக் கலைக் கல்லூரியின் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தவர்கள் நிறைய. அந்தப் படியாள்களின் கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும் அந்தப் பெஞ்சில் இருக்கிறார்கள். எதைக் கேட்க வேண்டும், எந்த நேரத்தில் கேட்க வேண்டும், யார் இருக்கும்போது கேட்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு அவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் வேலை பாதி காணாமல் போய்விடும். மாடு மேய்த்தது, விறகு எடுத்தது, பிறர் வயலில் களை எடுத்தது எல்லாம் ‘வீட்டில் இருக்கிறார்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அவரிடமே தனியாக உட்கார்ந்து, நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் அக்கா என்று கேட்டால்தான் கணக்கு வெளியே வரும். இப்படிக் கேட்கத் தெரிந்த பெண்கள் நம் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். நூறாண்டுக்கு முன்பு எந்தப் பேராசிரியருக்கும் கிடைக்காத ஆய்வுப் படை இது. இவர்களைக் கருத்தரங்கில் வரவேற்புத் தட்டு ஏந்த வைத்துவிட்டு நாம் களத்தரவு இல்லை என்று வருந்திக்கொண்டிருக்கிறோம்.

இதைத் தொடங்கப் புதிய நிறுவனமோ பெரும் நிதியோ தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஏற்கெனவே உண்டு. கோயில் வளாகத்தைக் கூட்டி, மரக்கன்று நட்டு, விழிப்புணர்வுப் பேரணி நடத்தி முடிந்துவிடும் அந்த ஏழு நாளில், ஒரு சிற்றூரின் எல்லா வீடுகளுக்கும் போய்விடலாம். முகாமை ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு ஊரில் போடுவதை நிறுத்திவிட்டு, கல்லூரி தன் சுற்றுவட்டத்தில் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொண்டு அதையே தொடர வேண்டும். பொருளியல் துறை கேள்விகளை அமைக்கட்டும். வரலாற்றுத் துறை முதியவர்களிடம் கதை கேட்கட்டும். புவியியல் துறை ஏரியையும் வாய்க்காலையும் வரையட்டும். தூசிக்குப் போகிறவர்கள் பல்லவர் காலத்துக் குடைவரைகள் உள்ள மாமண்டூரையும் அதன் ஏரிப் பாசனத்தையும் விட்டுவிட்டு எப்படி அந்த ஊர்ப் பொருளாதாரத்தை எழுத முடியும்? ஊரின் பெயரை மறைக்க வேண்டாம். வீட்டின் பெயரைக் கட்டாயம் மறைக்க வேண்டும். கேட்டு எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும். மானுடவியலாளர் எம்.என். சீனிவாசின் ராம்புரா கிராம ஆய்வுக் குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையானபோது, நினைவிலிருந்தே அவர் ஒரு புத்தகத்தை எழுத வேண்டியிருந்தது. அவர் பேரறிஞர்; அவரால் முடிந்தது. நம் கல்லூரிகளில் ஆய்வேடுகள் பழைய தாள் கடைக்குப் போவதற்கு எந்தத் தீயும் தேவைப்படுவதில்லை.

இனிச் சொல்லப்போவது என்னை மிகவும் வருத்துவது. நூறாண்டாக இந்த ஊர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கனடாவிலும் இருவேல்பட்டைப் பற்றிப் படித்தவர்கள் உண்டு. இருவேல்பட்டு ஊராட்சி மன்றத்தில் அந்தக் கட்டுரைகளை ஒருவர் படிக்க விரும்பினால் அவர் கைக்கு எது கிடைக்கும்? தன் தாத்தாவின் தாத்தா எத்தனை படி நெல்லுக்கு உழைத்தார் என்பது அச்சில் இருக்கிறது, ஆனால் பேரனால் அதைப் படிக்க முடியாது என்றால் அது அந்த ஊருக்கு நாம் இழைத்த அநீதி. வாசலில் வந்து நின்று கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, சொந்த வீட்டுக் கடனைக்கூடச் சொன்னவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும் என்பது விதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தக் கூட்டங்களில் ஒன்றில், மாணவர்கள் எழுந்து தாங்கள் எடுத்த கணக்கைத் தமிழில் வாசிக்க வேண்டும். இந்த ஊரில் பட்டா இல்லாத வீடுகள் இத்தனை, கிணறு வற்றிய வயல் இத்தனை ஏக்கர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் இத்தனை பேர் என்று. தப்பு இருந்தால் ஊர்க்காரர்கள் அங்கேயே திருத்துவார்கள். ஆய்வுக்கு அதைவிடக் கடுமையான மதிப்பீட்டாளர் குழு எந்த ஆய்விதழிலும் இல்லை. தீர்மானம் போட எண்கள் கிடைத்த கிராம சபை, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் வேறு குரலில் பேசும். பொது விவகாரப் படிப்பின் பயன் அங்கே தொடங்கட்டும்.

உயர்கல்வித் துறைக்கு வேண்டுகோள் இது. ஊர் ஆய்வு அறிக்கைக்கு ஆய்விதழ்க் கட்டுரைக்கு நிகரான மதிப்பெண் கொடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் காலியாக உள்ள இடங்களை நிரப்பி, இருவேல்பட்டு, தூசி, வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி ஆகிய ஐந்து ஊர்களையும் அதன் நிலையான பொறுப்பாக்குங்கள். 1918இல் தொடங்கி இதுவரை வந்த அறிக்கைகளைத் தமிழில் மொழிபெயர்த்து அந்தந்த ஊர் நூலகத்தில் வைக்கும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். அடுத்த கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் புறப்படும்போது கேள்விப் பட்டியல் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.